மூன்றாவது இட்லியும் இரண்டாவது குழாயும்

இன்று காலை எதிர் குவார்ட்டர்ஸ் சரசு அக்காவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, கழிவறைக்கு மட்டும் இரண்டாவது குழாயில் தரும் திட்டம். எங்கள் பிளாக்கில் அதற்காக வீடு வீடாகப் போய் வாதாடுகிற ஆள் நான்தான்.

அக்கா முகத்தைச் சுளித்தார். "அந்தக் கருமத்த வூட்டுக்குள்ள வுடுவனா? மொதல்ல இட்லிய சாப்புடு."

இட்லி பூப்போல இருந்தது. எப்படி அக்கா என்றேன்.

"எல்லாம் மைன்ஸ் தண்ணிதான். பார்க்குல செடிக்கு வுடுற குழாயில புடிச்சிகினு வந்துதான் அரிசி ஊற வெக்கிறேன்."

சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் சுத்தமானது, ருசியானது என்று எங்கள் சுரங்க ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை.

வாசலில் பழைய குழாயை மாற்றிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் ஃபிட்டர் பதறிவிட்டார். "அக்கா, அது மைன்ஸ் தண்ணி இல்லீங்க! போன வருசமே மாத்தியாச்சி. சுத்தம் பண்ண சாக்கடத் தண்ணிங்க அது. செடிக்கு மட்டும்னு போர்டே இருக்குதே!"

மூன்றாவது இட்லி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஒரு வருசமா ஒண்ணும் ஆவலயே! பேனாவக் குடு." கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் இன்னும் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அடுத்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது, நீங்களே சொல்லுங்கள்.