வலிக்காத விலா

தல்லாகுளத்தில் நீதிமன்ற நகல் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். எடை தொண்ணூற்றாறு கிலோ. முப்பத்து மூன்று வயதில் குத்துச்சண்டை பழகப் போனபோது என் எடைக்கு ஜோடியாக ஒரே ஒருவன்தான் அங்கே இருந்தான். மிஷன் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர், என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் என்னை அண்ணே என்பான். நான் அவனை மாப்ள என்பேன்.

நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. சொல்லிக்கொடுத்தவர் ஒரு அக்கா, மாநில அளவில் விளையாடியவர். முதல் நாளே எங்கள் வயிறுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இம்புட்டு தொப்பை இருக்கே, குத்து உள்ள போகாதுன்னு நெனைக்காதீங்க தம்பி. பெரிய ஆளுக விலாவுல வாங்கித்தான் விழுகுறாங்க."

அதனால் முதல் ஆறு மாதமும் அடி வாங்கத்தான் பழகினோம். தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். ஒருவன் நின்றுகொண்டு கனமான தோல்பந்தை வயிற்றின் மேல் போடுவான். பந்து தொடும் நொடியில் மூச்சை 'ஸ்ஸ்' என்று வெளியே தள்ள வேண்டும். உள்ளே காற்று இருந்தால் செத்தோம். பந்தின் எடை மெல்லக் கூடும். பிறகு எழுந்து நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மாற்றி மாற்றி உடம்பில் மட்டும் குத்திக்கொள்வோம். வலது விலாவுக்குக் கீழே ஈரல். அங்கே விழுகிற குத்து உடனே வலிக்காது. ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. அப்புறம் கால் தானாக மடங்கும். மனசு நில் நில் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடம்பு கீழே போய்விடும். எனக்கு அப்படி மூன்று முறை ஆனது.

அவனுக்கு ஆகவே இல்லை.

முதலில் அவனும் என்னைப்போலத்தான் முனகினான். கோடை வந்தபோது முனகல் நின்றது. அக்கா சொல்லிக்கொடுத்த மூச்சைக்கூட அவன் விடவில்லை. நான் குத்துவேன், அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். இமை அசையாது. பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது எனக்கு.

"என்ன மாப்ள, வலிக்கலையா?"

"தொடுறது தெரியுதுண்ணே. வலிதான் வரல. இன்னும் நல்லாக் குத்துங்க."

பொறாமையில் குத்தினேன். ஈரலைப் பார்த்தே குத்தினேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது. ஆனால் அதைப் பார்த்து எனக்குக் கை கூசியது. அன்று முழுக்க அலுவலகத்தில் நகல்களைச் சரிபார்க்க முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவரும் கவனித்திருந்தார். "எனக்கும் புடிக்கல தம்பி. வலிய தாங்குறவன் கண்ணுல வலி தெரியும். இவன் கண்ணுல ஒண்ணுமே இல்ல" என்றார்.

அந்த ஞாயிறு அவன் சர்ச் முடிந்து வந்ததும், கால் பலத்துக்காகக் கீழக்குயில்குடி சமணர் மலை ஏறினோம். மேலே போய்ச் சேரும்போது பதினோரு மணி. மே மாத வெயில். பாறையில் உள்ளங்கையை ஊன்றினேன், ஊன்ற முடியவில்லை. நிழல் தேடி ஒதுங்கித் திரும்பிப் பார்த்தால், அவன் சட்டையைக் கழற்றிப்போட்டு அந்தப் பாறையிலேயே மல்லாந்து படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. காற்று இல்லை, ஒரு பறவைச் சத்தம் இல்லை. சாகடித்துக் கிடத்தியதுபோலக் கிடந்தான்.

"மாப்ள! எந்திரி! சுடலையா?"

கண்ணைத் திறந்தான். "சுடுதா?" என்று உண்மையாகவே கேட்டான்.

அவன் எழுந்து திரும்பியபோது முதுகைப் பார்த்தேன். தோல் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. கைபேசியில் படம் எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு, "இது யாரு முதுகுண்ணே?" என்றான்.

மறுநாள் அவன் மனைவியும் நானும் அவனை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேனில் தண்டுவடத்துக்குள் நீர் கோத்து நீளமாக ஒரு குழி தெரிந்தது. வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் நரம்புகளை அது நசுக்கிக்கொண்டிருந்தது. தொடு உணர்வு மட்டும் தப்பியிருந்தது. மருத்துவர் அவன் விலாவில் இருந்த நீலமாகக் கன்றிய பழைய தடங்களைப் பார்த்துவிட்டு, "யாரு இவர இப்படி அடிச்சது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"இது அடியால வந்ததில்ல" என்றார். "ஆனா உள்ள ஏதாச்சும் கிழிஞ்சிருந்தாக்கூட இவருக்குத் தெரிஞ்சிருக்காது."

வெளியே பெஞ்சில் அவன் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஏன் குத்தினீங்க என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கிறான், வேலைக்குப் போகிறான். இடது பக்கம் கொஞ்சம் உணர்வு திரும்பியிருக்கிறது. வலது பக்கம் வரவில்லை. இனி குத்துச்சண்டை கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருடம் மாவட்டப் போட்டியில் நான் இறங்கினேன். அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது சுற்றில் எதிராளியின் இடது கை என் முழங்கைக்கு அடியில் நுழைந்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு முட்டி போட்டுவிட்டேன். எட்டு எண்ணுவதற்குள் எழுந்தேன், மூன்றாவது சுற்றையும் முடித்தேன், புள்ளியில் தோற்றேன்.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"ரொம்ப வலிச்சுச்சாண்ணே?"

"ஆமா மாப்ள."

"எப்படி வலிச்சுச்சு? எங்க ஆரம்பிச்சுச்சு?"

சொன்னேன். விலாவுக்கு அடியில் ஆரம்பித்து முதுகுக்கு ஓடி, மூச்சை அடைத்து, வாயில் உப்புக் கரித்தது வரை சொன்னேன். அவன் தன் வலது விலாவில் கையை வைத்து அழுத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றான்.