மீசைக்கு மட்டும் நான்

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய இல்லத்தில் எனக்கு உதவியாளர் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தோள்கொடுத்து நடத்துவது. என் பொறுப்பில் உசிலம்பட்டிப் பெரியவர் ஒருவர் இருந்தார். வலது கையும் பேச்சும் போயிருந்தன. மீசை மட்டும் போகவில்லை. காலையில் முகம் துடைத்ததும் தாடையைத் தூக்கிக் காட்டுவார். நான் விரலில் விளக்கெண்ணெய் தொட்டு இரண்டு பக்கமும் முறுக்கிவிட வேண்டும். அந்த ஊர்க்காரர் இன்னொருத்தனைத் தன் மீசையில் கைவைக்க விடுவது லேசுப்பட்ட காரியமா? கலெக்டர் வேலை கிடைத்தவன் மாதிரி திரிந்தேன்.

அப்போதுதான் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். என் வயதுதான். வந்த அன்றே பெரியவரை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்துவிட்டார். எட்டு மாதமாக நான் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடியும் அவருக்கு உதட்டோரம்தான் அசைந்திருந்தது. என் கையால் மூன்று இட்லி சாப்பிடுகிறவர், அந்த ஆள் ஊட்டினால் நாலு சாப்பிட்டார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் மேலூரில் மச்சினன் கல்யாணம். இரண்டு நாள் லீவு. பந்தியில் உட்கார்ந்தால் இலையில் அப்பளம் தெரியவில்லை, மீசைதான் தெரிந்தது.

"என்ன மாப்ள, சாப்பிடாம இலையவே பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றார் மாமனார்.

"வயிறு சரியில்ல மாமா." முழுப்பொய் இல்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இல்லத்துக்குள் ஓடினேன். ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் மழமழவென்று சவரமாகியிருந்தது. மீசை மட்டும் நேற்றைய கீரைக்கட்டாகத் தொங்கியது.

"வாங்கண்ணே," என்றார் புதியவர். "மீசைகிட்ட விரலக் கொண்டுபோனாலே தட்டி விடுறாரு. என்ன மருந்து வச்சிருக்கீக அவருக்கு?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்ணே," என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன்.

பெரியவர் தாடையைத் தூக்கினார். இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்து முறுக்கினேன். நுனி கண்ணைக் குத்தும் உயரத்துக்குப் போய்விட, அவரே இடது கையால் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார்.

அடுத்து இட்லித் தட்டு வந்தது. பெரியவர் புதியவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்று எண்ணினேன். அன்றைக்கு ஐந்து.