கதவை மறித்த நர்ஸம்மா

மார்ச் 12, புதன்கிழமை. வழக்கம்போல் காலை ஒன்பது மணிக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற ராஜபாளையத்துச் சிறு ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். நரைத்த கொண்டையும் குள்ள உருவமுமான அங்குள்ள நர்ஸம்மா யாரிடமும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை, "எங்க வலிக்கு?" என்று மட்டும்தான் கேட்பார்.

அன்று இரு தெருக்காரர்களுக்குள் வெட்டுக்குத்து. காயம்பட்ட ஒருவனை அவர் உள்ளே படுக்கவைத்திருந்தார். அவனைத் தேடிக் கம்புகளோடு கூட்டம் வந்தது.

"அவனுக்குக் கட்டுப் போட்ட கைய ஒடிச்சிருவோம்!" என்றான் முன்னால் நின்றவன்.

நர்ஸம்மா கதவை மறித்தார். "ஒடிலே! போன மாசம் ஒம் புருவத்தைத் தச்சதும் இந்தக் கைதாம்லே."

அவன் கம்பு தாழ்ந்தது. போலீஸ் வரும்வரை அவர் நகரவில்லை.

மறுநாள் முதல் வேலையாக அந்தக் கதவுக்கு முன்னால் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எங்க வலிக்கு?" என்றார்.

"எங்கயும் வலிக்கலம்மா. இங்கன இருக்கேன்."