மாப்பிள்ளை வளர்த்த ஓணான்

என் மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசியது மிகவும் குறைவு. "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிடுறீங்களா மாப்பிள்ளை", "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்பதற்கு மேல் போனதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார மாட்டாள், அவர் சொன்னதை மறுத்துப் பேச மாட்டாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் மகளிடம் சொல்லி அனுப்புவாள். அவர் அதே சோபாவின் இன்னொரு முனையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மகள் வழியாகத்தான். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு மூளை இருந்திருக்காது. வாயுள்ள மாமியாரும் வாய்த்திருக்க மாட்டாள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு, திண்டுக்கல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இவர்களோடு வந்துவிட்டேன். ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் மூன்றாவது மாடி. இருவருக்கும் ஐடி வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தேதான். மகள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு அறைக்குள் போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவாள். மாப்பிள்ளைக்கு ஹால். தூசி வருகிறது என்று பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, காலையிலிருந்து ஏசி ஓடும். ஆவடியில் சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கிய ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

இந்த ஹாலுக்குத்தான் அவர் ஒரு பாலைவனப் பிராணியைக் கொண்டுவந்தார்.

பியர்டட் டிராகன் என்றார். ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஓணான். ஒரு முழ நீளம், மணல் நிறம், தாடைக்குக் கீழே முள் முள்ளாக இருக்கும். கோபம் வந்தால் அந்தத் தாடை உப்பிக் கறுத்துப்போகும், தாடி வைத்த மாதிரி. அபார்ட்மெண்டில் எல்லோரும் நாய் வளர்க்கிறார்கள், நாமும் நாய் வளர்த்தால் யார் பார்ப்பார்கள் என்பது அவருடைய யோசனை. பார்ப்பதற்கென்று ஒரு யூடியூப் சேனலும் ஆரம்பித்தார். ஓணானுக்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்தார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை.

விற்ற கடைக்காரர் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். சூட்டுக்கு ஒரு பல்பு, வெயிலில் இருக்கும் கதிர் வருகிற மாதிரி தனியாக ஒரு ட்யூப்லைட், இரண்டும் கட்டாயம் வேண்டும் என்று. மாப்பிள்ளை அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஆவடியில போயி வெயிலைக் காசு குடுத்து வாங்கச் சொல்றான்! யாருகிட்ட கதை விடுறான்?" என் மகளும் சேர்ந்து சிரித்தாள். கண்ணாடித் தொட்டியைப் பால்கனிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஏசிக்கு நேர் கீழே வைத்தார். வெயில்தான் வருகிறதே, பாருங்கள் என்றார். வெளிச்சம் போதாத நேரத்துக்கு, தன் முகம் பளிச்சென்று தெரிவதற்காக வாங்கி வைத்திருந்த வட்ட விளக்கைத் தொட்டிக்கு மேல் மாட்டினார். அந்தப் பிராணி பாவம், அந்த விளக்குக்கு நேராகப் போய் வயிற்றைத் தட்டையாக்கிக்கொண்டு படுத்துச் சூட்டுக்குக் காத்திருக்கும். அதில் ஒரு சூடும் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த ஓணானின் பார்வை எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணால் மாப்பிள்ளையைப் பார்க்கும். யாரையும் மதிக்காத பார்வை. நான் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் அது கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தது.

சில மாதம் போயிற்று. ஒருநாள் அதன் உடம்பு மங்கி, சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் மாதிரி வெள்ளை வெள்ளையாக ஆகிவிட்டது. சாப்பாடும் இறங்கவில்லை. பரங்கிக்காய்த் துருவல், செம்பருத்திப் பூ எல்லாம் அப்படியே கிடந்தன. தோல் உரிக்கப்போகிறது என்று மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. அதற்காகவே தனியாக ஒரு வீடியோ போடப்போவதாகச் சேனலில் அறிவித்தார். ஒரு ஜீவன் சாப்பிடாமல் கிடப்பது இவருக்கு விசேஷம்.

நான் என் போனில் தேடிப் படித்தேன். இன்டர்நெட்டில் முக்கால்வாசி குப்பைதான், ஆனால் இந்த விஷயத்தில் எல்லோரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். தோல் தானாக விழவேண்டும், இழுக்கக் கூடாது. உடம்புத் தோல் விழுந்துவிடும், விரல்களிலும் வால் நுனியிலும்தான் சிக்கிக்கொள்ளும். சிக்கிய தோல் காய்ந்து மோதிரம்போல இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் கறுத்து அழுகிவிடும். உடம்பில் சூடு ஏறாவிட்டால் தோல் சரியாகக் கழலாது. கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் வெளிச்சம் வரும், வேண்டிய கதிர் வராது. உடனே போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். முன்னங்கால் விரல்களில் வெள்ளைச் சுருள் சுருளாகத் தோல் நின்றுகொண்டிருந்தது.

மகளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சூட்டு பல்பு வாங்கவேண்டும், அந்த ட்யூப்லைட் வாங்கவேண்டும், ஏசிக்குக் கீழேயிருந்து தள்ளி வைக்கவேண்டும், தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விடவேண்டும். ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டு "ம், ம்" என்று கேட்டாள். பிறகு ஹாலுக்குப் போய் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"ஏசி ஜாஸ்தியா இருக்குன்னு அம்மா சொல்றாங்க."

"அத்தைக்குக் குளிருதா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று மாப்பிள்ளை எழுந்துபோய் எனக்கு ஒரு போர்வை எடுத்து வந்து கொடுத்தார். நல்ல மனுஷர்தான். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டுவதற்காவது வசதியாக இருக்கும்.

கீழ்வீட்டு அம்மா வேடிக்கை பார்க்க வந்தார். அவருக்குத் தலைவலி, மூட்டுவலி, மாமியார் தொல்லை எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான் மருந்து. "நல்லா எண்ணெய் தடவி ஊற விடுங்க, வழுக்கிக்கிட்டு வந்துடும்" என்றார். மாப்பிள்ளை அதை உடனே கேட்டுக்கொண்டார். எண்ணெய் தடவினால் வீடியோவில் பளபளவென்று இருக்குமாம். நான் படித்தது அவர் காதுவரைக்கும் போகவே இல்லை, கீழ்வீட்டு அம்மாவின் கைவைத்தியம் நேராகப் போய்விட்டது. தடவின எண்ணெயில் தொட்டியிலிருந்த மணல் எல்லாம் ஒட்டிக்கொண்டு, பஜ்ஜி மாவில் தோய்த்து எடுத்ததுபோல் அது நின்றது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கேமரா முன்னால் மேசையில் வைத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தார். "அத்தை, இந்த லைட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்குறீங்களா?" என்றார். "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை. அங்கிருந்தே பார்த்தேன். முதுகுத் தோல் வந்தது. விலாவில் ஒரு இடத்தில் இழுத்ததும் அது உடம்பை வெட்டி இழுத்துக்கொண்டது, தாடை கறுத்தது. அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. "பாருங்க, எவ்வளவு சாட்டிஸ்ஃபையிங்கா இருக்கு" என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். அந்த நிமிஷம் எனக்கு அந்த மனிதர்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், முன்னங்காலில் ஒரு விரல் நுனி கரித்துண்டு போல இருந்தது. பக்கத்து இரண்டு விரல்களும் வீங்கியிருந்தன. மாப்பிள்ளை ஆபீஸ் போயிருந்தார், மகள் மீட்டிங்கில் இருந்தாள். ஒரு பிளாஸ்டிக் கூடையில் என் பழைய பருத்திப் புடவையைப் போட்டு, அதை உள்ளே வைத்து, மேலே துண்டால் மூடி, ஆட்டோ பிடித்தேன். பூந்தமல்லியில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன்.

வழியில் துண்டு விலகி, அது தலையை வெளியே நீட்டியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா அது, உடும்பா? உடும்பு வச்சிகினு சுத்துனா போலீஸ் புட்சிக்கும்மா!"

"உடும்பு இல்லப்பா. ஓணான்."

"ஓணானா? ஓணானுக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிகினு கீற? எங்க ஊட்டாண்ட வேலி பூரா ஓணான்தாம்மா. ஒண்ணுகூட ஆஸ்பத்திரி வாசல மிதிச்சது கெடயாது."

"உங்க ஊட்டாண்ட இருக்கிற ஓணானுக்கு எங்க மாப்பிள்ளை இல்லப்பா" என்றேன்.

டாக்டரம்மா சின்ன வயசு, சிரிக்கவே தெரியாத முகம். கையில் எடுத்துப் பார்த்தவுடனே என்னைத் திட்ட ஆரம்பித்தார். எண்ணெய் யார் தடவச் சொன்னது, விலாவில் யார் பிய்த்தது, தொட்டியில் என்ன விளக்கு, எங்கே வைத்திருக்கிறீர்கள். நான் சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கு அது அத்தனை நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் என் தொண்டையில் நின்றதை எல்லாம் யாரோ ஒருவர் சத்தமாகச் சொல்கிறார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, எண்ணெயையும் மணலையும் கழுவி, ஊசிபோன்ற இடுக்கியால் விரல்களில் இறுகியிருந்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். எல்லாம் வரவில்லை. கறுத்த விரலுக்கு மருந்து வைத்துக் கட்டுப்போட்டார். "கறுத்த விரல் போயிடுச்சும்மா. மத்த ரெண்டும் தப்பிக்கிறது உங்க கையிலதான் இருக்கு" என்றார். "தினம் குளிக்க வைங்க, தண்ணி தோளுக்கு மேல போகக் கூடாது. பல் தேய்க்கிற பிரஷ்ல, மெத்துனு இருக்கிறதுல, லேசா தேய்ங்க. வரலன்னா விட்டுடுங்க, நாளைக்கு வரும். இனிமே யாராவது கையால இழுத்தா ரெண்டு விரலும் போயிடும். சூடு இல்லாம வச்சிருந்தாலும் போயிடும். வளக்கிறது யாரு?"

"எங்க மாப்பிள்ளை."

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க."

"நான் அவர்கிட்ட அப்படியெல்லாம் பேச மாட்டேங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், அவருக்குக் காது கேக்காதா?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை வந்திருந்தார். நடந்ததை மகளிடம் சொன்னேன், அவள் பாதியைச் சொன்னாள். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான், முகம் வாடிவிட்டது. வருத்தப்பட்டவர் அடுத்து என்ன செய்தார் என்றால், வட்ட விளக்கைப் போட்டார். போனை ஸ்டாண்டில் மாட்டினார். "நண்பர்களே, இன்னிக்கு ரொம்ப சோகமான ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து, கட்டுப்போட்ட காலைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டினார். பக்கத்து விரலில் தொங்கிய வெள்ளைத் தோலைப் பார்த்துவிட்டு, "இதோ, இது இன்னும் இருக்கு பாருங்க" என்று இரண்டு விரலால் அதைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, கையை எடுங்க!"

என் குரல்தான் அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். மகள் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். நான் அவருக்கு நேரெதிரே சோபாவில் உட்கார்ந்தேன்.

"அது என்ன உங்க விளையாட்டுச் சாமானா? கடைக்காரன் சொன்னான், சிரிச்சீங்க. நான் சொல்லி அனுப்பினேன், போர்வை குடுத்தீங்க. உங்க மூஞ்சிக்கு விளக்கு வாங்கத் தெரிஞ்சுது, அது உசுருக்கு ஒரு விளக்கு வாங்கத் தெரியல. பாலைவனத்து ஜீவனைக் கொண்டாந்து ஏசியில போட்டு, எண்ணெயத் தடவி, தோலை உரிச்சு, ஒரு விரலை முடிச்சாச்சு. இன்னும் ரெண்டு விரல் இருக்கு. அதுமேல இனிமே உங்க கை படக் கூடாது."

போன் பாட்டுக்கு எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த வீடியோவை அவர் போடவில்லை.

அன்றைக்கே தொட்டி என் அறைக்கு வந்துவிட்டது. என் அறையில் ஏசி கிடையாது, மேற்கே பார்த்த ஜன்னல், கொசுவலை மட்டும்தான், கண்ணாடியைத் திறந்து வைத்துவிடலாம். பல்பும் ட்யூப்லைட்டும் மறுநாளே வந்தன. மாப்பிள்ளையே போய் வாங்கிக்கொண்டு வந்து, என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். உரசிக்கொள்ள ஒரு கருங்கல்லும் மரக்கட்டையும் வைத்தேன். தினமும் துணி அலசும் சின்ன டப்பில் வெந்நீர் விளாவி அதைக் குளிப்பாட்டினேன். அது என் கைமேல் தாடையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளும். எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. இந்த வயதில் ஒரு ஓணான்மேல் பாசம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்துவிட்டது.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. கோபம் இல்லை, பயம். காபி வேண்டுமென்றால்கூட "அம்மாகிட்ட கேளு" என்று மகளிடம் சொல்லி அனுப்புவார், நான் பக்கத்திலேயே நின்றாலும். மகள்தான் தலையில் அடித்துக்கொள்வாள்.

அடுத்த முறை தோல் உரித்தபோது நான் ஒன்றுமே செய்யவில்லை. கல்லில் தேய்த்துக்கொண்டு அதுவே கழற்றிப்போட்டது. அந்த இரண்டு விரல்களிலும் தோல் சின்ன உறை மாதிரி முழுசாகக் கழன்று வந்திருந்தது. அடியில் இரண்டு விரல்களும் நகத்தோடு, புதுசுபோலச் சுத்தமாக இருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகள் அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, கையில் போனோடு.

"அம்மா, உள்ள வந்து பாக்கலாமான்னு அவர் கேக்குறாரு."

நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"வரச் சொல்லு. போனை வெளியில வச்சுட்டு, கையைக் கழுவிட்டு வரச் சொல்லு."

வாஷ்பேசினில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.