இடது கன்னமும் வலது கன்னமும்

பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பட்டப்பெயர். பத்தொன்பது வருஷமாக நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பல் சுத்தம் செய்கிறவள். புகையிலை வாடை அடித்தால் போதும், வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை வந்தவர் கையில் திணித்து, வாய்க்குள்ளே நீங்களே பாருங்கள் என்பாள். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களை வாசல்வரை துரத்திப் போய்த் திட்டியிருக்கிறாள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்கென்ன? புகையிலை போட்டுப் போட்டு ஒரு விரல்கூட நுழைய முடியாதபடி இறுகிப்போன வாய்களைத் துடைத்துவிட்டது இவள் கைதானே.

அந்த வருஷம் அவள் உயிரை வாங்கியவர் ஒரு லாரி டிரைவர். தூக்கம் வராமலிருக்கப் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டே ஓட்டுவார். அங்கே உட்புறம் வெள்ளைத் திட்டு படர்ந்திருந்தது. சதையைக் கிள்ளிச் சோதித்ததில் புற்று இல்லை. இப்படியே போனால் புற்றாகலாம் என்றார் டாக்டர். இவள் கண்ணாடியில் திட்டைக் காட்டி, "அண்ணே, இனிமே இந்த இடத்துல வைக்கக் கூடாது" என்று கறாராகச் சொன்னாள். மனிதர் வெலவெலத்துப்போய் மகள்மேல் சத்தியம் செய்தார்.

மூன்று மாதம் கழித்து வந்தார். இடது கன்னத்தில் திட்டு பாதிக்குமேல் மறைந்திருந்தது. இவளுக்கு வாயெல்லாம் பல். அதே சந்தோஷத்தோடு வலது கன்னத்தை விலக்கினாள். அங்கே புதிதாக ஒரு திட்டு.

என்ன அண்ணே இது என்றாள்.

"நீங்கதானே தங்கச்சி அந்த இடத்துல வைக்கக் கூடாதுன்னீங்க? மறுநாளே இந்தப் பக்கம் மாத்திட்டேன். ஒரு தடவகூட தவறல."

வந்ததே அவளுக்கு ஒரு கோபம். இந்த மனுஷனை நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைத்தால் என்ன என்றிருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. பாவி மனிதர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். இந்த இடத்தில் என்று சொன்ன புண்ணியவதி யார்? பத்தொன்பது வருஷமாக இதே வாயால்தானே எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள்? தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"கன்னத்துல, உதட்டுல, நாக்குக்கடியில, எங்கயும் வைக்கக் கூடாது. சட்டைப் பையில கூட."

டிரைவர் பொட்டலத்தை எடுத்து அவளுடைய தட்டில் போட்டார். புதுத் திட்டையும் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புகையிலை ஏக்கத்தை அடக்க டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நோயாளிகளின் பழைய அட்டைகளை அலமாரியிலிருந்து இறக்கி, வெள்ளைத் திட்டு என்று எழுதியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காவது ஆள் ஒரு தையல்காரர். குரல் கேட்டதுமே குஷியாகிவிட்டார்.

"கவலையே படாதீங்க சிஸ்டர். நீங்க சொன்ன அன்னிக்கே கன்னத்த விட்டுட்டேன். உதட்டுக்குள்ள மாத்தி ரெண்டு வருஷமாச்சு."

அவள் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, இப்போதே கிளம்பி வாருங்கள் என்றாள்.