காலையில் கடலுக்குள், மாலையில் விமானத்தில்

அந்த ஆடி வெள்ளிக்கிழமை காலை, என் மைத்துனன் குமரேசன் கட்டிலைவிட்டு எழுந்தான். கால் மடங்கி விழுந்தான். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது என்றான். முப்பத்தொரு வயது. என் மனைவிக்கு ஒரே தம்பி.

எனக்கு வியட்நாமில், சைகோன் நகரின் டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் போடும் வேலை. ஊரிலிருந்து வந்தவன் ஞா ட்ராங் கடலில் ஸ்கூபா டைவிங் போக ஆசைப்பட்டான். வியாழன் காலை இரண்டு முறை முங்கினான். அவனுக்குச் சனிக்கிழமைதான் சைகோனுக்குத் திரும்ப விமான டிக்கெட். ஆடி வெள்ளிக்கு சைகோனில் எங்கள் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் அவன் நிற்க வேண்டும் என்று, வியாழன் மாலைக்கு மாற்றியவன் நான்.

போனில் தயங்கினான். "அத்தான், முங்குனா ஒரு நாளைக்கு பிளேன் ஏறக்கூடாதாம். கையெழுத்துகூட வாங்கிருக்காங்க."

"ஆத்தாளப் பாக்க வர்றவனுக்கு ஒண்ணும் ஆகாது மாப்ளே. ஏறு."

அம்மன் பெயரைச் சொல்லி நான் சொன்ன பொய் அது. என் வாயிலேயே அறைய வேண்டும்.

பக்கத்து கிளினிக்கில் முதுகுப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். அவனுக்கு அந்த ஊர் மொழி தெரியாது, டாக்டரிடம் பேசியவன் நான்தான்; டைவிங் பற்றி மூச்சுவிடவில்லை. மனைவி அருகில் நின்றாள், அந்தப் பயம். கோயிலுக்கு ஓடினேன்.

அங்கே சன்னிதிக்குப் பின்னால் கற்சுவரில் நெற்றியை அழுத்தி, குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வியட்நாம்காரர்களும் அப்படித்தான் வேண்டுகிறார்கள். காலைக் கொடு தாயே என்று ஆரம்பித்தேன். கால் ஏன் போனது என்று சொல்லாமல் வேண்டுதலை முடிக்க முடியவில்லை. காலையில் முங்கினான், மாலையில் பறந்தான், ஏற்றிவிட்டவன் நான். என் காதிலேயே அது விழுந்தது. டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன பண்ண? டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

சொன்னேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கடலுக்கடியில் உடம்பில் ஏறிய வாயு, விமானம் மேலே போனதும் குமிழியாகி நரம்பை அடைத்திருக்கிறது. காற்றழுத்தத்தைக் கூட்டும் அறைக்குள் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். ஆறாம் நாள் நடந்தான். ஒரு கால் விரலில் மட்டும் இன்னும் உணர்ச்சி இல்லை.

"பாத்தியா, ஆத்தா இருக்கையில சட்டதிட்டம் எதுக்கு?" என்றார் கோயிலில் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேச்சுதான் ஐயா அவனைப் படுக்கவைத்தது. என்னை உண்மையைச் சொல்லவைத்தாளே, அதுதான் அவள் செய்த உதவி.

இப்போது முங்கப் போகிறவர்களுக்கு மறுநாள் டிக்கெட்கூட நான் போடுவதில்லை. சண்டை போடுகிறார்கள். போடட்டும்.

கஷ்டம் என்றால் அந்தச் சுவருக்கு வாருங்கள். அவள் கேட்பாள். ஆனால் கடலில் முங்கியிருந்தால் ஒரு நாள் பொறுத்து வாருங்கள். அவள் எங்கும் போய்விட மாட்டாள்.