பின்பக்கமாக மலை ஏறிய ரோஸ்வீட்டா

எங்கள் ஊர் ஹாசல்பாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ரோஸ்வீட்டா அத்தை. நான் பள்ளிக்குப் போன காலம் முழுவதும் அவருடைய பேருந்தில்தான் போனேன். இந்தக் கோடையில் எனக்குப் பள்ளி முடிந்துவிட்டது. ஆனாலும் அவரைப் பார்ப்பது குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் நடந்தால், ஒரு குட்டி வண்டிக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

வாரம் முழுவதும் ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவரின் சொந்த வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அதுவும் ஒருவர் பின்னால் ஒருவராக. மூன்று சக்கரம், கைப்பிடி மாதிரி ஒரு ஸ்டியரிங், தலைக்கு மேல் கண்ணாடிக் கூண்டு. கூண்டைப் பக்கவாட்டில் திறந்துதான் உள்ளே இறங்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களில், கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்காகச் செய்த வண்டி. பால் பண்ணைக்காரர் ஒருவரின் கொட்டகையில் அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழிகளுக்கு நல்ல மரக்கூண்டு ஒன்றைத் தன் கையால் செய்துகொடுத்துவிட்டு, அத்தை வண்டியை வாங்கி வந்தார்.

பெட்ரோல் போடப் போனால் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

"என்னம்மா, மிச்ச வண்டி எங்க?"

"தவணைல வாங்கறேன்யா. அடுத்த மாசம் பாக்கி வரும்" என்பார் அத்தை.

எங்கள் பகுதியில் இப்படிப்பட்ட குட்டிக் கார்களை வைத்திருப்பவர்கள் ஒரு சங்கமாகவே இருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆற்றுப் பாலத்திலிருந்து மலை உச்சியில் இருக்கும் விடுதி வரை எல்லோரும் ஏறுவார்கள். அன்று மத்தியானம் வரை அந்தச் சாலையில் வேறு வண்டிகளை விடமாட்டார்கள். முதலில் வருவதற்குப் பரிசு கிடையாது. விதி ஒன்றே ஒன்று: வண்டி சொந்த பலத்தில் மேலே வந்து சேர வேண்டும். வராத வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். அதன் சொந்தக்காரர் அந்தக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் உருளைக்கிழங்கு சாலட் பரிமாற வேண்டும்.

அத்தைதான் வருடா வருடம் பரிமாறினார். ஒரு வருடம் கிளட்ச் கம்பி அறுந்தது. ஒரு வருடம் பெட்ரோல் குழாயில் அடைப்பு. போன வருடம் செயின். அப்போது எங்கள் தெருக்கோடி எக்கார்ட் மாமா தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ரோஸ்வீட்டா, உன் கைராசிக்கு நீ சமையல்காரியாவே போயிருக்கலாம்."

எக்கார்ட் மாமா கூரைக்கு ஓடு வேய்கிறவர். அவருடைய கொட்டகையில் ஆறு குட்டிக் கார்கள் நிற்கின்றன. அத்தையின் வண்டி மாதிரி ஒன்று மட்டும் இல்லை. விற்கிறாயா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். அன்று அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடுத்த வருஷமும் இந்தக் கயிறு என் வண்டியைத் தொட்டுச்சுன்னா வண்டி உனக்குத்தான். இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று மாமா கையை நீட்டினார். அத்தை கையைக் குலுக்கினார். அத்தை சொன்ன சொல் மாற மாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

இந்த வருடம் நான் மாமாவின் காரில் ஏறினேன். முட்டை மாதிரி இருக்கும் அந்தக் காருக்கு முன்பக்கம் முழுவதுமே கதவு. "ஒத்தை ஆளா உக்காந்தா ஒரு பக்கம் சாயுது, நீயும் வா" என்று அவர்தான் கூப்பிட்டார். எங்களுக்கு முன்னால் அத்தை நீலப் புகையைக் கக்கிக்கொண்டு போனார். பாதி மலை வரை அருமையாகப் போனது. பிறகு வண்டி இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

மாமா ஓரமாக நிறுத்தினார். எங்களைத் தாண்டி மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அத்தை பின்மூடியைத் திறந்து பார்த்தார். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பாயிண்ட் உடைந்திருந்தது. பின்சீட்டில் உதிரிபாகங்கள் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே கிளட்ச் கம்பி, பெட்ரோல் குழாய், செயின் எல்லாம் இரண்டிரண்டு இருந்தன. இதுவரை கெட்டுப்போனதற்கெல்லாம் மாற்று இருந்தது. அதற்குமுன் ஒருமுறைகூடக் கெட்டுப்போகாத பாயிண்ட்டுக்கு மட்டும் இல்லை.

"ஐயோ பாவம்" என்றார் மாமா. அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "என் கொட்டகையில இடம் கூட்டி வச்சிருக்கேன்."

"சும்மா இருய்யா. இன்னொரு பாயிண்ட் இருக்குல்ல, அதைக் கழட்டி மாட்டினா?"

"அது பின்னால ஓட்டறதுக்கான பாயிண்ட். நல்லாத்தான் இருக்கு. ஆனா மாத்தி வச்சா பொறி விழற டைமிங்கைச் சரிபாக்கணும், அதுக்கான விளக்கு வீட்டுல இருக்கு. நீ போய் வர்றதுக்குள்ள ரோட்டைத் திறந்துடுவாங்க."

அத்தை அவரையே பார்த்தார். "நல்லா இருக்குன்னா சொன்ன?"

அந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் என்று தனியாகக் கிடையாது. சாவியை அழுத்தித் திருப்பினால் எஞ்சினே எதிர்ப்பக்கமாகச் சுற்றும். முன்னால் போகிற நான்கு கியரும் அப்படியே பின்னால் போகவும் வரும். மாமா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அதற்குள் அத்தை உள்ளே இறங்கிச் சாவியை அழுத்திவிட்டார்.

வண்டி உறுமியது. பின்னால் வந்து சாலைக்குக் குறுக்கே நின்றது. பிறகு பிரேக்கை விட்டதும் சரிவில் தானாக உருண்டு, மூக்கைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டது. முட்டுச்சந்துகளில் பேருந்தைத் திருப்பித் திருப்பிப் பழகிய கை அது. இப்போது வண்டியின் வால் உச்சியைப் பார்த்தது. அத்தை எங்களைப் பார்த்தார்.

"நான் ஒரு விரல்கூட வைக்க மாட்டேன், ஆமா!" என்று மாமா கத்தினார்.

"யாரு கூப்பிட்டா உன்னை?"

அவர் பின்பக்கமாக மலை ஏறினார். நாங்கள் முன்பக்கமாக ஏறினோம். இரண்டு வண்டிகளும் முகத்துக்கு முகம், பத்தடி இடைவெளியில். பின்கண்ணாடி புகையும் கீறலுமாக இருந்ததால் அத்தைக்குச் சாலை சரியாகத் தெரியவில்லை. முதல் வளைவில் பின்சக்கரம் ஓடைப் பள்ளத்தின் விளிம்புக்கே போய்விட்டது.

"இடது! இடது!" என்று மாமா ஜன்னல் வழியே அலறினார்.

"உன் இடதா, என் இடதா?"

"மலைப்பக்கம் திருப்பும்மா, மலைப்பக்கம்!"

வண்டி தப்பியது. நான் கேட்காமலேயே மாமா என் பக்கம் திரும்பி, "நாளைக்கு என் வண்டி ஆகப்போறது. அடிபடக் கூடாதுன்னுதான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை. "மலைப்பக்கம்! கொஞ்சம் ஓடைப்பக்கம்! போதும், நேரா வா! அப்படித்தான்!" அத்தையும் விடவில்லை. "கத்தாதேய்யா, காது நல்லாத்தான் கேக்குது!" என்றார். வழியோரம் காளான் பொறுக்கிக்கொண்டிருந்த இருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

கடைசி வளைவுக்கு முன்னால் எங்கள் காரில் கருகின நாற்றம் வந்தது. அவ்வளவு மெதுவாக ஏறியதில் எஞ்சின் கொதித்துப்போயிருந்தது.

"மாமா, நிறுத்தி ஆற வைக்கணும்ல?"

"ஆமா."

"நிறுத்தலையா?"

"நிறுத்தினா அந்த வளைவை அவளுக்கு யாரு சொல்றது?" என்றவர் உடனே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "மலைப்பக்கம், ரோஸ்வீட்டா! இன்னும்! இன்னும்!"

அத்தையின் வண்டி வாலை முன்னால் நீட்டியபடி, விடுதி வாசலில் வரைந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. எங்கள் கார் கோட்டுக்கு இருபதடி முன்னால் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

சங்கத் தலைவர் ஆல்வின் தோளில் கயிற்றோடு நின்றிருந்தார். அத்தையின் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். "சொந்த பலம்னுதான் விதி. எந்தப் பக்கமா வரணும்னு ஒண்ணும் இல்ல. எக்கார்ட், நீதான் கூடவே வந்த. யாராவது தள்ளினாங்களா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"ஒருத்தரும் தொடல" என்றார் மாமா. "அவளேதான் வந்தா."

கூட்டம் ஆரவாரம் செய்தது. அத்தை கூண்டைத் திறந்து எழுந்து நின்றார். அவருக்குக் கழுத்துச் சுளுக்கியிருந்தது. அப்படியே தலையைச் சாய்த்தபடி சிரித்தார். ஆல்வின் கயிற்றோடு எங்கள் காரை நோக்கி வந்தார்.

அன்று மாமாதான் பரிமாறினார். அத்தை மூன்று தடவை சாலட் கேட்டு வாங்கினார். "உப்பு பத்தல" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபோது மாமாவின் கார் உயிர் பெறவில்லை. அத்தை தன் பின்சீட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"யோவ், ஏறு. இறங்கறதுக்கு எஞ்சின் எதுக்கு?"

மாமா கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருடங்களில் அதற்குள் அவர் உட்கார்ந்ததே இல்லை. மெதுவாகக் காலை மடக்கி உள்ளே இறங்கினார். அவருடைய முட்டி இரண்டும் அத்தையின் தோள்களுக்கு இருபுறமும் நின்றன. அத்தை கூண்டை மூடிப் பிரேக்கை விட்டார். நான் டப்பாவோடு ஆல்வினின் வண்டியில் ஏறிப் பின்னாலேயே போனேன். வண்டி சத்தமே இல்லாமல் மலையிலிருந்து இறங்கியது. முதல் வளைவில் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"மலைப்பக்கம்! மலைப்பக்கம்!"

"இப்ப எனக்கே கண்ணு தெரியுதுய்யா" என்றார் அத்தை.